நிற்காத கால்

சூடம் அணைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பியூலா எனக்கு எதிரே பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள்.

நான் பிடித்து நடக்கிற இரண்டு கம்பிகளுக்கு நடுவே. செயற்கைக் காலில் முதல் நடை.

கைகளை நீட்டியிருந்தாள். தொடவில்லை. கண் என் பாதத்தின் மேலேயே இருந்தது.

கோவில்பட்டியில் செயற்கைக் கால் செய்துதருகிற அறக்கட்டளையின் வழக்கம் அது. கால் செய்து மாட்டிவிட்டவர்தான் எதிரே நடக்க வேண்டும். நடப்பவர் தானாக நிற்கும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. திரும்பக் கூடாது.

நான் நின்றதும் பியூலா கிளம்பிவிடுவாள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. சம்பளமும் கூடுதல். பெட்டி வாசலில் தயாராக இருந்தது.

அவள் போய்விட்டால் எங்கள் பக்கத்தில் கால் செய்ய ஆள் இல்லை. வரிசையில் இருப்பவர்கள் வரிசையிலேயே இருக்க வேண்டியதுதான்.

மேலாளர் தவமணி அவளைப் பிடித்துவைக்க என்னென்னவோ செய்து பார்த்தார். ஆண்டு விழாவில் சால்வை போர்த்தினார். சுழல் நாற்காலி வாங்கிப் போட்டார். சேவையின் மகத்துவம் பற்றி மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை பேசினார்.

நாற்காலி பரவாயில்லை என்றாள்.

கம்பி முடிந்தது.

நான் நிற்கவில்லை.

"போதும் தாத்தா. நில்லுங்க."

"நானா போறேன் தாயி? காலுல்ல போகுது."

கதவைத் தாண்டினோம். வாசலைத் தாண்டினோம். அவள் பெட்டியைத் தாண்டினோம்.

அவள் பின்பக்கமாக. நான் முன்பக்கமாக.

கடலைமிட்டாய்க் கடை வாசலில் நின்றவர்கள் வாயில் போட்டதை மெல்ல மறந்தார்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. திருநெல்வேலிக்குப் போகிற ரயில் எங்களைக் கண்டு நின்றது. ஓட்டுநர் இறங்கிவந்து கேட்டைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்தார்.

கயத்தாற்றில் காற்றாலைகள் எல்லாம் சுற்றுவதை நிறுத்திக்கொண்டன. காற்று நன்றாகத்தான் அடித்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் மதுரை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"ஏக்கா, மதுரைக்கு ஏறுதீகளா இல்லையா?"

"இவுக நிக்கட்டும்ணே."

"இவுக நிக்கிற மூஞ்சியாவா தெரியுது?"

பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போனாள். திரும்பாமலே.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

எத்தனையோ பேரை நடக்க வைத்தவள். ஆனால் எல்லாரையும் கம்பி முடிகிறவரைதான் பார்த்திருக்கிறாள். அப்புறம் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

தான் செய்த கால் ஊர்ப்பாதையில் போவதை அவள் கண்டதே இல்லை.

குதிகால் பதிந்தது. முட்டி மடங்கியது. பாதம் எழும்பியது. கல்லை விலக்கியது. பள்ளத்தைத் தாண்டியது.

என் பாதத்துக்குப் பின்னால் நான் கடந்துவந்த கரிசல் மண்ணும் அவள் கண்ணில் பட்டது.

ஒரு சொந்தப் பாதத்தின் தடம். ஒரு ரப்பர் பாதத்தின் தடம்.

இரண்டும் ஒரே ஆழம்.

கோயிலுக்குள் போகிறவளைப் போலச் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

நடந்துகொண்டே தவமணிக்குப் போன் செய்தாள்.

"சார், நான் மதுரைக்கு வரலைன்னு நீங்களே சொல்லிருங்க."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சென்று சுழன்றது. அவளுடைய நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார் போல.

ஜெயித்துவிட்டேன். இனி நின்றுகொள்ளலாம்.

திருச்செந்தூரும் வந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் கடல். முதல் அலை அவள் குதிகாலை நனைத்தது.

"நிக்கட்டுமா தாயி?"

அவள் கண் இன்னும் என் பாதத்தில்தான் இருந்தது.

"நிக்காதீக தாத்தா."

அந்தக் காலுக்கு அளவெடுக்கவே என்னை வரச்சொல்லியிருப்பது வருகிற புதன்கிழமை.