கவுண்ட் ஏறட்டும்

“இன்னிக்கும் ஏறலியாம்டா. ரத்தத்துல அந்தப் பிளேட்லெட் கம்மியாவே இருக்குதாம். இப்போதைக்கு வூட்டுக்கு வுட மாட்டாங்களாம்.”

அம்மா கண்ணம்மாள் சொன்னதைக் கேட்டதும் சின்னராஜ் தூக்குவாளியைத் தொப்பென்று தரையில் வைத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் மனைவி கவிப்பிரியா குழந்தையை அணைத்தபடி படுத்திருந்தாள்.

“ஆபரேஷன் முடிஞ்சு இத்தன நாளாச்சு, இன்னுமா?”

“நான் என்ன டாக்டரா? பொறுத்துக்கடா.”

பொறுத்துப் பொறுத்துத்தான் அவன் பாதி ஆளாகிவிட்டான். மாசமாக இருந்தபோதே கவிப்பிரியாவுக்குப் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்று பயந்து, வெளியிலிருந்து பிளேட்லெட் ஏற்றித்தான் தருமபுரியில் சிசேரியன் செய்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய காரியம். அவள் தாயில்லாப் பெண். அதனால் மாமியார்தான் துணைக்கு இருந்தாள்.

பெண்கள் இருவரும் இங்கே வந்துவிட, காரிமங்கலத்தில் வீட்டு வேலை மொத்தமும் சின்னராஜ் தலையில் விடிந்தது. சாணி அள்ளி, பால் கறந்து, களி கிண்டி, துணி துவைத்து, இவர்களுக்கும் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். பசு அவனை இரண்டு முறை உதைத்துவிட்டது. அப்பா உதைக்கவில்லை, அவ்வளவுதான். களி கட்டி தட்டியிருக்கிறதென்று தட்டைத் தள்ளிவிடுகிறார்.

“எப்ப வருவாங்கன்னு அப்பா தெனமும் கேக்குறாரும்மா. என்னால முடியல.”

“அதுக்கு? புள்ள பெத்தவ உசுரோட வெளையாடச் சொல்றியா?”

அந்தப் பயம்தான் அவனையும் அரித்தது. ஏறவே ஏறாதோ? தன்னிடம் எதையோ மறைக்கிறார்களோ? விறுவிறுவென்று டாக்டரம்மாவின் அறைக்குப் போனான்.

“மேடம், உண்மையச் சொல்லுங்க. எம் பொண்டாட்டி பொழச்சுக்குவாளா? பிளேட்லெட் கவுண்ட் ஏன் ஏறவே மாட்டேங்குது?”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “யார் சொன்னா? அது போன வாரமே ஏறிடுச்சே! வீட்டுக்குப் போகலாம்னு அன்னிக்கே சொன்னேன். உங்கம்மாதான் என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க.”

“அம்மாவா?”

“‘எம் பையனப் பெத்த மூணாம் நாளே அடுப்புல நின்னேன், இடுப்பு வலி இன்னும் போவல. இவளுக்கு வயித்தையே கிழிச்சிருக்குது. வூட்டுக்கு வந்தா ஒருத்தரும் உக்கார வுடமாட்டாங்க. தையல் ஆறுற வரைக்கும் இங்க கெடக்கட்டும் தாயி’ன்னு அழுதாங்க. கட்டில் காலியா இருந்துச்சு, சரின்னேன். நீங்க வேணும்னா இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.”

சின்னராஜுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தேனே என்று ஆத்திரம் பொங்க, வார்டுக்குத் திரும்பினான்.

கவிப்பிரியா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே பாயில் அம்மா ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பகல் நேரத்தில் அம்மா இப்படிச் சும்மா உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை.

அவனைக் கண்டதும் பதறி எழப் பார்த்தாள். “டாக்டர்கிட்டயா போன? என்னடா சொன்னாங்க?”

“நீ சொன்னதேதாம்மா. இன்னும் ஒரு வாரம் ஆவுமாம்” என்றான் சின்னராஜ். “நீயும் செத்த நேரம் படு.”