முப்பத்தொரு கட்டைவிரல்

முதல் கட்டைவிரலைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏழாவதைப் பார்த்தபோது குமட்டியது.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஒருவன் தன் சூப்பர்வைசருக்கு பிரெஞ்சில் அனுப்பிய முப்பத்தொரு செய்திகள் அவை. ஒவ்வொன்றுக்கும் சூப்பர்வைசரின் பதிலாக ஒரு மஞ்சள் கட்டைவிரல் எமோஜி, நன்றாக நிமிர்ந்து நின்றது.

அனுப்பியவன் இப்போது உயிரோடு இல்லை. போன மாதம் அவன் வண்டி ரேக்கில் மோதி, மேலே அடுக்கியிருந்ததெல்லாம் அவன் தலையில் சரிந்துவிட்டது.

விசாரணைக் குழுவில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. அத்தனையையும் ஆங்கிலத்தில் போட்டு, முத்திரை குத்தி, சாயங்காலத்துக்குள் மொழிபெயர்ப்பாளரான அவள் அனுப்பியாக வேண்டும்.

அவன் மனைவி காலையிலேயே அவனுடைய போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முடியவில்லை என்று ஓட்டுநர் சொன்னால் சூப்பர்வைசர் அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிட வேண்டும், அதுதான் அங்கே விதியாம். தன் புருஷன் சொன்னதை அந்த ஆள் படித்தானா இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும் என்றாள்.

படிக்காமலா விரலைத் தூக்கினான், படுபாவி!

பிரெஞ்சில் பேசிப் பழகியவர்கள் தெம்பையும் சோர்வையும் நேராகச் சொல்வது குறைவு. எல்லாவற்றுக்கும் ஒரு சொலவடை வைத்திருப்பார்கள். 'என்னிடம் பீச் பழம் இருக்கிறது' என்றால் உடம்பில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். அவனுடைய முதல் செய்தி அதுதான். அதற்குக் கட்டைவிரல் காட்டியதில் தப்பில்லை.

பத்து நாள் கழித்து, 'நான் என் தட்டில் இல்லை.' உடம்பு ஒரு நிலையில் இல்லை என்கிறான். கட்டைவிரல்.

'மனசு காலுறைக்குள் இறங்கிவிட்டது.' கட்டைவிரல்.

'எனக்குக் கரப்பான் பூச்சி பிடித்திருக்கிறது.' மனசு விட்டுப்போய்விட்டது என்று ஒரு மனுஷன் கதறுகிறான். அதற்கும் கட்டைவிரல்.

எருமை மாட்டின் மேல் மழை பெய்தால்கூட அது காதையாவது ஆட்டும். இவன் என்ன ஜன்மமோ!

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் அகராதி. பாதிப் பேர் மரியாதையாகச் சொன்னார்கள். மீதிப் பேர், பிடித்தால் விடமாட்டாள், அகராதி பிடித்தவள் என்று சொன்னார்கள். இரண்டுமே அவளுக்குப் பெருமைதான். நூறு சொலவடைகளை இரண்டே நாளில் ஆங்கிலமாக்கி, ஒரு பெரிய கம்பெனியிடம் பாராட்டுக் கடிதம் வாங்கியவள். அது கண்ணாடிச் சட்டம் போட்டு அவள் மேசைக்கு மேலேயே தொங்கியது.

முப்பத்தொன்றாவது செய்தி, வண்டி மோதிய அன்று காலையில் வந்தது. 'நான் சுருளின் கடைசிக்கு வந்துவிட்டேன்.' இனி என்னிடம் எடுக்க ஒன்றுமே மிச்சமில்லை என்று பொருள்.

கட்டைவிரல். கூடவே, சுத்தமான பிரெஞ்சில் ஒரு வரி: அப்படியென்றால் அடுத்த ஷிஃப்டையும் நீயே பார்த்துவிடு.

"த்தூ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து மேசைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

சோற்றைத்தான் தின்கிறானா இந்த ஆள்? மவுஸைத் தொடவே கூசியது. அவன் விரலைத் தொடுகிற மாதிரி இருந்தது.

இன்னொரு கோப்பும் வந்திருந்தது. சூப்பர்வைசரின் போனிலிருந்து விசாரணைக் குழு எடுத்து அனுப்பிய நகல். ஒவ்வொரு செய்தியையும் அவன் எத்தனை மணிக்குத் திறந்தான் என்பது அதில் இருக்கும். வசமாக மாட்டினான் என்று ஆவலோடு திறந்தாள்.

அதில் பிரெஞ்சே இல்லை.

முதல் பக்கத்தில் குழுவின் குறிப்பு இருந்தது. சூப்பர்வைசருக்கு பிரெஞ்சில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அவன் ஆங்கிலத்தில் எழுதுவதை பிரெஞ்சாகவும், தொழிலாளிகள் பிரெஞ்சில் எழுதுவதை ஆங்கிலமாகவும் கிடங்கில் வாங்கிப் போட்டிருந்த ஆப் மாற்றிக் கொடுத்துவிடும். சொலவடை வந்தால் மட்டும், முன்பே ஏற்றிவைத்த ஒரு பட்டியலிலிருந்து வரியை அப்படியே எடுத்துப் போடும்.

தட்டுக்கு அவன் போனில் வந்தது: 'இன்றைக்கு லேசான மந்தம்!'

காலுறைக்கு: 'ஒரு காபி குடித்தால் சரியாகிவிடும்!'

கரப்பானுக்கு: 'சும்மா ஒரு சின்ன உம்மணாமூஞ்சி நாள்!'

சீச்சீ, எந்த மடையன் போட்ட மொழிபெயர்ப்பு இது? கூலிக்கு மாரடித்தவன் எவனோ. நிறுத்திவைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

கடைசி வரிக்கு வந்தாள். சுருளுக்கு: 'பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இதோ ஏறிவிடும்!'

அவள் கை மவுஸிலிருந்து தானாக விலகியது.

நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தலைக்கு மேல் தொங்கிய கடிதம் அவளுக்கு மனப்பாடம். படிக்கிறவன் சிரிக்க வேண்டும், கரப்பான் கிரப்பான் எல்லாம் வேண்டாம் என்று அந்த ஆப்பைச் செய்த கம்பெனி கேட்டிருந்தது. கேட்டபடியே கொடுத்ததற்கு நன்றி, அதிலும் அந்தப் பேட்டரி வரி பிரமாதம் என்று பாராட்டியிருந்தது.

காலையிலிருந்து அந்த ஆள்மேல் வந்த அருவருப்பு இப்போது அவளுடைய பத்து விரல்களிலும் இருந்தது.

முப்பத்தொரு செய்திகளையும் அவன் சொன்ன கனத்தோடு ஆங்கிலத்தில் அடித்தாள். பக்கத்திலேயே, சூப்பர்வைசர் போனில் வந்த வரிகளை ஒன்று விடாமல் போட்டாள். அந்த வரிகளை எழுதியவர் யார் என்று கீழே ஒரு வரி சேர்த்து, முத்திரை குத்தினாள்.

பிறகு எழுந்து வெளியே போனாள்.

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "படிச்சானாம்மா?"

"படிச்சாரு. ஒண்ணு விடாம படிச்சாரு. ஆனா அவர் படிச்சது உங்க வீட்டுக்காரர் எழுதினது இல்லம்மா. நான் எழுதினது."