டாக்டர் சொன்ன முத்தம்

'ப்ச்... ப்ச்... ப்ச்...'

இருட்டின பிறகு பின்பக்கச் சுவரோரம் அந்தச் சத்தம் கேட்டதும், பக்கத்து வீட்டு பத்மா கைக்குழந்தையோடு விடுவிடுவென்று வந்துவிட்டாள்.

"யாருக்கு அங்கிள் முத்தம்? என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போனதும் ஆரம்பிச்சிடறீங்க. டீசன்ஸி வேணாம்?"

நாகப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக ஆவடி குவார்ட்டர்ஸில் அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

"ஐயோ, எக்சர்சைஸும்மா. உதட்டுல கேன்சர்னு ஆபரேஷன் பண்ணாங்கல்ல? உதடு இறுகிப் போவாம இருக்க இப்டி குவிச்சு விரிக்கணும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. உள்ள பண்ணா பசங்க சிரிக்குதுங்கோ."

"எந்த டாக்டர் முத்தம் கொடுக்கச் சொல்வார்?"

"கன்னியம்மா, நீயாவது சொல்லேன்."

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. "நான் இன்னாத்த கண்டேன்? டாக்டராண்ட போயி ஒரு வருசமாவுது. செக்கப்புக்கு வரச்சொன்னப்பல்லாம் டிமிக்கி குடுத்துட்ட."

"அதான் புண்ணு ஆறிப்பூடுச்சே."

உள்ளுக்குள் வேறு பயம். போனால் மறுபடியும் படுக்கவைத்துக் கத்தியை எடுத்துவிட்டால்?

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அங்கிள். ஆன்ட்டி டாக்டர்கிட்ட நேரா கேட்டுட்டு வந்து சொல்லணும். இல்லேன்னா குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிடுவேன்."

மானமா, கத்தியா? மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கன்னியம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினார்.

டாக்டர் அவரைப் பேசவே விடவில்லை. தாடைக்குக் கீழே தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"புண் ஆறினா எல்லாம் முடிஞ்சுதுன்னு யார் சொன்னா? இங்க நெறி கட்டியிருக்கு. சின்னதா இருக்கறப்பவே எடுத்துடலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நான் கைய விரிச்சிருப்பேன்."

எடுத்தார்கள்.

தையல் பிரித்து வீடு திரும்பிய நாகப்பன், பழி போட்டவளுக்கே நன்றி சொல்லக் கிளம்பினார். பத்மா வீட்டு வாசலில் கன்னியம்மாவின் செருப்பு. ஒருக்களித்த கதவுக்கு உள்ளே பேச்சு.

"நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே பேசினேன் ஆன்ட்டி. பாவம், அங்கிள் முழிச்ச முழியப் பார்த்து எனக்கே பயமாயிடுச்சு."

"நீ பேசுன பேச்சுல எனக்கே அந்தாளு மேல சந்தேகம் வந்துடுச்சு, போ."

"மூணு மாசத்துல மறுபடியும் வரச்சொல்லியிருக்காங்களே, மாட்டேன்னுட்டா?"

"உன் கோழிய அவருதான் திருடிட்டாருன்னு வந்து நில்லு."

"எங்கிட்ட ஏது ஆன்ட்டி கோழி?"

"அதான் மூணு மாசம் கீதே, ஒண்ணு வாங்கி வளத்துடலாம். மொதல்ல அந்தக் கதவச் சாத்து, அந்தாளு காதுல வுழப்போவுது."

நாகப்பனின் மூக்குக்கு நேரே கதவு சாத்தப்பட்டு, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.