நாலடி போதாது

"நீங்க சும்மா நில்லுங்க சார், நான் பேசிக்கறேன். நீங்க வாயைத் திறந்தா மருந்துச் சீட்டைக் கேக்கற மாதிரியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அழைப்பு மணியை அழுத்தினாள் கணக்கு டீச்சர்.

மணிச் சத்தம் கேட்கவில்லை. ஜன்னலுக்கு உள்ளே ஒரு விளக்கு மட்டும் மூன்று முறை மினுக்கி அணைந்தது.

"மணியும் ரிப்பேர் போல" என்றார் மருந்துக்கடைக்காரர். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். "இந்த வீட்ல எதுதான் சத்தம் போட்டிருக்கு? குடிவந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. புருஷனும் பொண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை."

"பக்கத்து வீட்ல இருக்கற உங்களுக்கே கேக்கலையா?"

"சுவரோட சுவர் ஒட்டின வீடு டீச்சர்! டி.வி. சத்தம்கூட வராது. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லைன்னு என் வீட்டுக்காரி அடிச்சுச் சொல்றா. நாங்க வச்சிருக்கற பேரே மௌன விரத வீடுதான்."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கவலை வேறு. அந்தத் தெருவில் நடைபாதை கிடையாது. மதில் முடியும் இடத்தில் தார் ரோடு ஆரம்பித்துவிடும். போன மாதம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன அவளுடைய சின்ன மகளை ஒரு கார் உரசிவிட்டுப் போனதில், மணிக்கட்டு முறிந்து இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. அன்றிலிருந்து டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் இரண்டடி இடம் விட்டுக்கொடுத்தால், ரோட்டிலிருந்து இரண்டடியை எடுத்துச் சேர்த்து நகராட்சி நாலடி நடைபாதை போட்டுத் தரும். சைக்கிளுக்கும் ரோட்டில் தனியாகக் கோடு போடும். ஆனால் முப்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்தும் வேண்டும். நாளை மத்தியானம் கடைசி. முப்பத்தொன்று வந்துவிட்டது.

கதவு திறந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். டீச்சர் நீட்டிய மனுவை நின்ற இடத்திலேயே முழுசாகப் படித்தாள்.

"அகலம் நாலடிதானா?"

"தாராளமாப் போதும் மேடம். ஒருத்தர் நல்லா வீசி நடக்கலாம்" என்றாள் டீச்சர்.

"ரெண்டு பேர் போனா?"

"ஒருத்தர் பின்னால ஒருத்தர் போக வேண்டியதுதான்."

"அப்ப நான் கையெழுத்துப் போட முடியாதுங்க." கோபமில்லாமல் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

மருந்துக்கடைக்காரருக்கு வாயை அடக்க முடியவில்லை. "ரெண்டடி மண்ணுக்காகவா மேடம் இப்படி?"

"மண்ணுக்கு என்ன சார்? என் வாசல்ல நாலடி எடுத்துக்கங்க. எல்லாரும் நாலடி கொடுத்தா பாதை ஆறடி வரும். அப்படி எழுதிட்டு வாங்க, கண்ணை மூடிட்டுப் போடறேன்."

"மறுபடியும் முதல் வீட்லேர்ந்தா? ரெண்டடி கேட்டதுக்கே எங்க உயிரை எடுத்துட்டாங்க! கொடுக்க மனசில்லைன்னா நேரா சொல்லிடுங்க. நடக்காததைக் கேட்டுத் தட்டிக் கழிக்காதீங்க."

"ஆறடி இல்லாம வேண்டாங்க."

டீச்சரின் பொறுமை அறுந்தது. "ரெண்டு தெரு தள்ளி ரொட்டி வாங்கக்கூடக் கார்ல போறவங்க நீங்க. நடக்கறவங்க பாடு உங்களுக்கு எங்க புரியப்போகுது? என் பொண்ணு மாவுக்கட்டோட வீட்ல உட்கார்ந்திருக்கா. நாளைக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆனா, இந்த ஒரு கையெழுத்தாலதான்!"

அவள் குரல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். வீட்டுக்கார அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

"பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

"அந்த விசாரிப்பெல்லாம் வேண்டாம் மேடம். வாங்க சார், போலாம்."

இருவரும் கேட்டருகே போனபோது, உள்ளேயிருந்து உயரமான ஒருவர் துண்டில் கையைத் துடைத்தபடி நிதானமாக வந்தார். இத்தனை சத்தத்துக்கும் பதறி வந்தவராகத் தெரியவில்லை. வாசலில் ஆட்களைக் கண்டதும்தான் திகைத்து நின்று, மனைவியின் தோளைத் தொட்டார். அவள் திரும்பினாள். அவளுடைய விரல்கள் படபடவென்று அசைந்தன. அவர் புருவத்தை உயர்த்தினார். அவருடைய கைகளும் வேகமாகப் பதில் சொல்லத் தொடங்கின. நடுவில் அவள் மறித்தாள். அவர் விடவில்லை. பிறகு டீச்சரைப் பார்த்து, தன் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக் காட்டி, எப்படியிருக்கிறது என்று முகத்தாலேயே கேட்டார்.

பரவாயில்லை என்று டீச்சர் தன்னையறியாமல் தலையாட்டினாள்.

"அவருக்குப் பிறவியிலேயே காது கேக்காது டீச்சர்" என்றாள் வீட்டுக்கார அம்மா. "பின்னால வண்டி வந்தாத் தெரியாது. ரோட்ல நடக்கவிட எனக்குப் பயம். அதான் எங்க போனாலும் கார். கார்ல அவர் கை ஸ்டியரிங்ல, கண்ணு ரோட்ல. வீடு வந்து சேர்ற வரைக்கும் எங்களுக்குள்ள ஒரு வார்த்தை கிடையாது."

"பாதை வந்தா நடந்தே போகலாமே மேடம். அதுக்கு நாலடி போதாதா?" டீச்சரின் குரல் இறங்கியிருந்தது.

"ஒருத்தர் பின்னால ஒருத்தர் போனா, முதுகைப் பாத்துக்கிட்டு நாங்க எப்படி டீச்சர் பேசறது?"

டீச்சர் மனுவில் 'நான்கு' என்றிருந்ததை அடித்து 'ஆறு' என்று எழுதி, முதல் கையெழுத்துக்காக மருந்துக்கடைக்காரரிடம் பேனாவை நீட்டினாள்.