விளக்கை அணைத்த ரிலே

“இந்த ரிலே சரியில்ல சார், கழட்டிக் கடைக்கே அனுப்பிடலாம்.”

எலக்ட்ரீஷியன் ஞானசேகர் போனில் சொன்னது, திறந்திருந்த சுவர்ப்பெட்டிக்குள், விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலேவுக்குக் கேட்டுவிட்டது.

“ஆள் வந்தால் விளக்கைப் போடச் சொன்னால், நீ அணைக்கிறாயே!” என்று மேலிருந்து வாசலைக் கண்காணிக்கும் கேமரா சிரித்தது.

“என் தப்பில்லை அக்கா! விளக்கு வயரை அவர் பக்கத்து ஓட்டையில் மாட்டிவிட்டார், அதனால்தான் எல்லாம் தலைகீழாக நடக்கிறது. என்னை அனுப்பிவிடுவார்களே!”

கேமரா எட்டிப் பார்த்தது. ஆமாம், வயர் மாறித்தான் இருந்தது. உடனே வாசலை விட்டுவிட்டுக் கழுத்தை வளைத்துப் பெட்டியையே காட்டியது. ஸ்க்ரூடிரைவரோடு வந்த ஞானசேகர், கேமரா காட்டுவது தெரியும் திரையைப் பார்த்தார்.

“அடச்சே, நான்தான் மாத்திட்டேனா!”

வயரைச் சரியான ஓட்டையில் மாட்டினார். பிறகு வெளியே ஓடி, திருடனைப் போலப் பதுங்கிப் பதுங்கி உள்ளே வந்தார்.

“டிக்!” என்று ரிலே விளக்கைப் போட்டது.