கரி ஒட்டிய கை

"கையை நீட்டுமே!"

காளான் பறிக்கும் சின்னப்பொண்ணு நீட்டினாள். இரண்டு உள்ளங்கையும் கரி.

"பாத்தீங்களா மொதலாளி? திருடுறது இவதான்னு நான் சொன்னேன்ல!"

மேஸ்திரி பாண்டுரங்கனுக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. வாங்காதா பின்னே?

எண்பத்தாறாம் வருஷம், சேரப்பணஞ்சேரி ரோட்டோரத்தில் இருந்த காளான் கொட்டகை அது. சன்னல் கிடையாது. காற்று வெளியே போக ஒரே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். காளான் வளர்க்க ஊறப்போட்ட வைக்கோலின் நாற்றம் தாங்கவில்லை என்று எதிர்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பாண்டுரங்கன்தான் மூளையைக் கசக்கி, ஃபேனுக்கு முன்னால் கம்பிவலைப் பெட்டி ஒன்றை அடித்து, ஒரு சாண் கனத்துக்கு மரக்கரியை நிரப்பினான். நாற்றம் போன இடம் தெரியவில்லை.

"இதால விளைச்சல் கெட்டுச்சுன்னா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று முதலாளி கோதண்டராமன் அப்போதே சொல்லி வைத்திருந்தார். விளைச்சல் கெடவில்லை. ஆனால் பெட்டியில் பாதிக் கரியைக் காணோம்!

"எதுக்கும்மா எடுத்தே?" என்றார் முதலாளி.

சின்னப்பொண்ணு பாண்டுரங்கனை ஒரு தரம் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுப்புக்குங்க."

"நம்பி உள்ள வுட்டா என் மூஞ்சில கரியப் பூசிட்டியேமே! நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராதே!" என்று கத்தினான் பாண்டுரங்கன்.

பொழுது சாய்வதற்குள் ஊரே அவளைக் கரித்திருடி என்றது.

பாண்டுரங்கன் பெட்டியில் விளிம்பு வரை கரியைத் திணித்துப் பூட்டும் போட்டான்.

பத்தே நாள். காம்பெல்லாம் நீண்டு, காளானின் தலை சட்டைப் பித்தான் அளவுக்குச் சுருங்கிப்போனது. மெட்ராஸ் ஓட்டல்காரர் கூடையோடு திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே போனால் பாண்டுரங்கனுக்கே தலை கிறுகிறுத்தது.

முதலாளி விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் ஒரு காகிதத்தைப் பெட்டியின் கம்பிவலைமேல் வைத்துக் கையை எடுத்தார். அது ஒட்டாமல் கீழே விழுந்தது.

"ஃபேன் சுத்துது, காத்தை இழுக்கலியே! இவ்ளோ கரிய அடைச்சா காத்து எப்படி சார் போகும்? காளானும் மூச்சு விடணும். பாதி போதும், நாத்தமும் நிக்கும்."

முதலாளி திரும்பினார். "யார் இவ்ளோ அடைச்சது?"

'காளானுக்கு மூச்சு முட்டுது மேஸ்திரி, கரியக் கொறச்சா தேவல' என்று சின்னப்பொண்ணு ஒரு மாசம் முன்பே சொன்னதும், 'எனக்கே சொல்லித்தர வந்துட்டியா?' என்று தான் எரிந்து விழுந்ததும் பாண்டுரங்கனுக்கு ஞாபகத்துக்கு வந்தன.

"அவ திருடினாளே மொதலாளி... அந்த பயத்துல கூடவே போட்டுட்டேன்."

"எல்லாம் அந்தத் திருடியால வந்த வினை!" என்று பல்லைக் கடித்தார் முதலாளி.

பாண்டுரங்கனுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனான். ஈரச் சுள்ளியை ஊதி ஊதி, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தாள் சின்னப்பொண்ணு. மூலையில் ஒரு கோணி. உள்ளே அத்தனை கரியும் அப்படியே இருந்தது.

"அடுப்புக்குன்னு சொன்னியேமே!"

"வேற இன்னா சொல்றது மேஸ்திரி? நீங்க அடிச்ச பொட்டிதான் தப்புன்னு சொன்னா ஒங்க வேலை பூடுமே. மூணு பொண்ணுங்கள வச்சிகினு கீறீங்க."

"நாளைக்கே மொதலாளிகிட்ட..." என்று ஆரம்பித்தான். காலையில் பழியை இவள்மேலேயே போட்டது நினைவுக்கு வர, குனிந்து கோணி வாயைக் கட்டத் தொடங்கினான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோணியைத் தூக்கி, அவன் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினாள்.

"வேணாம் மேஸ்திரி. பூசின கரி என் ஒருத்தி மூஞ்சோட போவட்டும்."