ராசியான வலை

ப்ளீச்சிங் பவுடர் மூட்டை ஜீப்பிலிருந்து இறங்கியதுமே, பண்ணைக்காரி இடுப்பில் கைவைத்தபடி கோய் என்னும் அலங்கார மீன்களின் தொட்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"நகருங்கம்மா. உங்க மீனுக்கு வைரஸ்னு ரிப்போர்ட் வந்தாச்சு. இன்னைக்கே எல்லாத்தையும் அழிக்கணும்" என்றார் மீன்துறை ஆபீசர்.

"ஒரு மீனாவது செத்துச்சா? ஒண்ணாவது தீனி எடுக்காம கிடக்குதா? நகர மாட்டேன்."

பன்னிரண்டு தொட்டி, ஒன்பது வருட உழைப்பு. அத்தனையும் இன்று மண்ணுக்குள் போகவிருந்தது. அவள் புருஷனோ அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடும்மா. பக்கத்துப் பண்ணைக்காரரே பேசாம கையெழுத்துப் போட்டுட்டார். நமக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"எனக்கு முளைச்சிருக்கு. நீங்க சும்மா இருங்க."

ஆபீசர் சிரித்தார். இப்படிப்பட்ட பிடிவாதங்களை அவர் நிறையப் பார்த்தவர்.

"அது கிடக்கட்டும். போன தடவை சாம்பிள் எடுக்க வந்தப்போ என் வலையை இங்கேயே விட்டுட்டேன். அன்னைக்குப் பக்கத்துப் பண்ணையில நோய் மீனைப் பிடிச்சதும் அதுலதான், நேரா இங்க வந்து பிடிச்சதும் அதுலதான். ராசியான வலை."

முடிச்சுப் போட்ட பாலித்தீன் பையில் வலையை நீட்டினாள். கூடவே ஒரு கவரையும் நீட்டினாள். "நானும் வேற லேபுக்கு ரெண்டு சாம்பிள் அனுப்பினேன். படிங்க."

முதல் தாளில், 'சாம்பிள் ஒன்று: வைரஸ் இல்லை' என்றிருந்தது. ஆபீசரின் முகம் சுண்டியது. அடுத்த தாளைப் புரட்டியதும் மலர்ந்தது.

"சாம்பிள் ரெண்டு: வைரஸ் இருக்கு! பாத்தீங்களா? நீங்களே தேடிப் போன லேபும் சொல்லிடுச்சு. இதுக்கு மேல என்ன பேச்சு?"

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியேம்மா!" புருஷன் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவள் தொட்டியை விட்டு அசையவில்லை. "முதல் சாம்பிள், நீங்க பிடிச்ச அதே தொட்டி மீனு. நான் புது வலை போட்டுப் பிடிச்சது."

"சரி, ரெண்டாவது எந்தத் தொட்டி?"

"தொட்டியே இல்ல சார். உங்க ராசியான வலை."